கறுக்காத வெள்ளி

கதிர்காமத்தம்பி யார் என்று எங்கள் ஊரில் இப்போது கேட்டால் சிரித்துவிட்டுத்தான் பதில் சொல்வார்கள். "ஆ, அந்த வெள்ளி பாக்கிற மனிசனா? கண் தெரியாம ஏழு பொம்பிளையள்ட மீனைச் சாகவிட்ட ஆள்தானே?" என்பார்கள். சிரிக்கட்டும். பல்லைக் காட்ட என்ன பாடு? முதலில் நான் சொல்வதைக் கேளுங்கள், பிறகு போய் அவர்களோடு சேர்ந்து சிரியுங்கள். என் பெயர் புஸ்பம். என் அக்கா இராசாத்தியின் புருஷன் அவர், எனக்கு மச்சான். குவைத்தில் நான் வேலை செய்கிற வீட்டில், சமைக்கிற குசினிக்குப் பக்கத்து அறையில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். எனக்கு நேரம் குறைவு. ஊரில் அதைவிடக் குறைவு. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

குருக்கள்மடத்துக்கும் தேற்றாத்தீவுக்கும் இடையில், பெரிய ரோட்டிலிருந்து மேற்கே இறங்கினால் எங்கள் கரை. எழுதுகிறவர்கள் அதை வாவி என்பார்கள், நாங்கள் ஆறு என்போம். எங்கள் பக்கத்தில் அது இடுப்பளவு, மிஞ்சினால் நெஞ்சளவு. ஒரே ஓர் இடத்தைத் தவிர. ரோட்டுப் போட்ட காலத்தில் மண் உறிஞ்சுகிற மெசின் ஒன்று மிதந்து வந்து இரண்டு வருசம் எங்கள் கரைக்கு நேரே நின்றது. போகும்போது ஒரு கிடங்கை விட்டுவிட்டுப் போனது. ஐந்து பாகம் ஆழம், அதாவது ஐந்து ஆள் ஆழம். யாரும் அதை மூடவும் இல்லை, மூடச் சொல்லிக் கேட்கவும் இல்லை. நாங்களும்தான் கேட்கவில்லை.

அந்தக் கிடங்குக்குள் முதலில் போய் வந்தவர் மச்சான்தான். அவர் சுழியோடி. மரக்கட்டையில் சிக்கின வலையை எடுக்க, தண்ணீருக்குள் தாண்டு போன தோணியை எழுப்ப, குளிக்கும்போது விழுந்த சங்கிலியைத் தேட என்று எல்லாவற்றுக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். யாராவது தண்ணீரில் போய்விட்டாலும் அவரைத்தான். மூன்று பேரைத் தூக்கி வந்து கரையில் கிடத்தியிருக்கிறார். அதைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்ததில்லை. மூழ்கி மூழ்கி ஒரு காது அடைத்துப் போனது. அவரோடு கதைப்பதென்றால் இடப்பக்கம் நின்று கதைக்க வேண்டும். வலப்பக்கம் நின்று திட்டினால் "ஓம், ஓம்" என்று தலையை ஆட்டிக்கொண்டு போவார். அக்காவுக்கு அது பெரிய வசதி.

ஒருநாள் யாருடையதோ நங்கூரம் கிடங்கில் விழுந்துவிட்டதென்று இறங்கினார். நங்கூரம் இல்லாமல் வெறுங்கையோடு மேலே வந்தார். கண் இரண்டும் சிவந்து, தலை சுற்றி, தோணிக்குள் சத்தி எடுத்தார். வீட்டுக்கு வந்து நனைந்த சாரத்தை அவிழ்த்து மாற்றும்போது அக்கா பார்த்தாள். இடுப்பில் கிடந்த வெள்ளி அறுணாக்கொடி அடுப்புச் சட்டியின் அடிபோலக் கறுத்திருந்தது.

"எந்த அடுப்புக்குள்ள விழுந்து எழும்பி வாறீங்க?" என்று அக்கா கத்தினாள்.

மச்சான் கொடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். கூழ்முட்டை மணம் அடித்தது. அன்றைக்கு அவர் சொன்னதை நானும் அங்கே நின்று கேட்டேன்.

"மேல ரெண்டு மூணு பாகம் உசிருள்ள தண்ணி, புள்ள. அதுக்குக் கீழ ஒரு முழத்துக்குப் பால் கலங்கின மாதிரி இருக்கு. இறால் குஞ்செல்லாம் அதுக்கு மேல வந்து நிக்கும், ஒண்டும் கீழ போகா. அதுக்கும் கீழ கறுப்பு. கண்ணத் துறந்தா எரியுது. ஒரு சூடும் இருக்கு. மீனும் இல்ல, பாசியும் இல்ல, ஒரு நண்டுக் கோதும் இல்ல. அது வேற ஆறுகா. எங்கட ஆத்துக்கு அடியில வேற ஒரு ஆறு கிடக்கு."

அது எப்படி வந்ததென்றும் அவரே கண்டுபிடித்தார். மாரியில் ஆறு கடலோடு சேருகிற முகத்துவாரத்து மணலை வெட்டிவிட்டால் வெள்ளம் வடிந்த பிறகு கடல் உள்ளே வரும். உப்புத் தண்ணீர் பாரமானது, ஊர்ந்து வந்து கிடங்குக்குள் விழுந்துவிடும். பிறகு எழும்பாது. மழைத் தண்ணீர் அதற்கு மேலே படுத்துக்கொள்ளும். ஒரே வளவுக்குள் வேலி போட்டுக்கொண்ட சகோதரங்கள் மாதிரி இரண்டும் கிடக்கும், கலக்காது. மேலே சாகிறதெல்லாம், இலை, பாசி, மீன் எல்லாம் கீழே போய் அழுகும். அழுகுகிற இடத்தில் மூச்சு ஏது? வருசத்துக்கு வருசம் கீழ்த் தண்ணீருக்கு நஞ்சு ஏறும். "சும்மா கிடந்தா அது ஒண்ணும் செய்யா. எழும்பினாத்தான்" என்றார்.

அடுத்த வருசம் எழும்பியது. கரை நீளத்துக்கு மீன் செத்து ஒதுங்கியது. எதிர்க்கரைக்காரன் நஞ்சு போட்டான், வயல் வட்டையில் அடித்த மருந்து இறங்கியது என்று ஆளுக்கொரு கதை சொல்லி ஊர் சண்டைக்குக் கிளம்பியது. மச்சான் மட்டும் தோணியை எடுத்துக்கொண்டு கிடங்குக்குப் போனார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் அந்த வேலை.

இடுப்பில் கறுப்பு நூல் ஒன்றைக் கட்டிக்கொண்டு, ஏனென்றால் ஆம்பிளை வெறும் இடுப்போடு நிற்கக் கூடாதாம், வெள்ளிக் கொடியைக் கழற்றி நைலோன் கயிற்று நுனியில் முடிவார். கயிற்றில் அரைப் பாகத்துக்கு ஒரு முடிச்சு. ஒரு முடிச்சு இறக்கி, ஒரு பீடி முடியும்வரை விட்டு, இழுத்துப் பார்ப்பார். வெள்ளையாக வந்தால் அடுத்த முடிச்சு. எந்த முடிச்சில் கொடி கறுத்து வருகிறதோ அதுதான் கீழ்த் தண்ணீரின் தலை. பிறகு சாம்பலும் புளியும் போட்டு உரஞ்சி வெளுப்பாக்கி இடுப்பில் கட்டிக்கொண்டு வருவார். முதலில் ஊர் சிரித்தது. கறுப்பு மேலே வந்துவிட்டதென்று அவர் சொன்ன கிழமையெல்லாம் மீன் செத்தது. பிறகு சிரிப்பு நின்றது. காலையில் தோணி தள்ளுகிறவன்கூட, "மாமா, வெள்ளையா கறுப்பா?" என்று கேட்டுவிட்டுத்தான் தள்ளுவான்.

காற்றைப் பற்றியும் அவர் ஒன்று சொல்வார். வைகாசி, ஆனியில் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். அது மேல் தண்ணீரை எங்கள் கரைக்குத் தள்ளிக் குவிக்கும், அந்தப் பாரத்தில் கீழ்த் தண்ணீர் எங்கள் பக்கத்தில் இன்னும் கீழே அமுங்கும். "அரிசி களையிற சட்டியச் சரிச்சுப் பிடிச்சிருக்கிற மாதிரி. பிடிச்சிருக்கிற மட்டும் ஒண்டுமில்ல. விட்டுப் பாரு, கிறுகி அடிச்சு மேல வரும். காத்து அடிக்கிற நாளில நான் படுத்துத் தூங்குவன். காத்து விடுற நாளிலதான் எனக்குப் பயம்."

இந்தக் கடைசிப் பேச்சை மறந்துவிடாதீர்கள். நான் மறந்தேன்.

இனி என் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் முன்பு ஆறு வருசம் குவைத்தில் இருந்தவள். மூன்று வயதில் விட்டுப்போன என் மகள் விதுர்ஷா, ஒன்பது வயதில் எயார்போட்டில் என்னைக் கண்டு "அன்ரி" என்றாள். பெற்ற வயிறு என்ன பாடுபடும்? செத்தாலும் இனிப் போவதில்லை என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் எங்கள் ஊர்ச் சுலோஜனா, அவளுக்கும் அவர் மச்சான் முறை, பெண்களைச் சேர்த்தாள். பீப்பாய்களில் மிதக்கிற சட்டத்தில் வலையைத் தொங்கவிட்டு அதற்குள் கொடுவா மீன் வளர்க்கிற கூடுகள். ஏழு பேர், ஏழு கூடு. மற்ற இடமெல்லாம் கோடையில் வற்றி வலை சேற்றில் படும் என்பதால், கிடங்குக்கு மேலேதான் கூடு கட்ட வேண்டி வந்தது. வலை ஒரு பாகம் ஆழம். கறுப்பு இரண்டு பாகத்துக்கு மேலே வந்தால் கூடுகளைத் தோணியில் கட்டி இழுத்துக் கண்டல் பற்றைப் பக்கம் கொண்டுபோய் வைக்க வேண்டும். அதைச் சொல்ல மச்சான் இருந்தார். ஒன்றரை வருசத்தில் நான்கு தரம் இழுத்தோம், நான்கு தரமும் மீன் பிழைத்தது. அந்த மீன் விளைந்தால் நான் என் பிள்ளையோடு இருப்பேன், விளையாவிட்டால் திரும்பவும் பெட்டி கட்டுவேன். வேறு ஒன்றும் இல்லை.

போன வைகாசியில் மீன் விளைந்துவிட்டது. கண்ணகை அம்மன் சடங்கு முடிந்து வருகிற வெள்ளிக்கிழமை ஐஸ் லொறி வருவதென்று பேச்சு. கை நிறையச் சந்தோசம். ஏழு பேரும் கூடி, மச்சானுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்றோம். "புது அறுணாக்கொடி வாங்குவம். இழுத்து இழுத்து உரஞ்சி அந்தக் கொடி நூலாப் போச்சு" என்று சொன்னவள் வேறு யாரும் இல்லை, நான்தான். வாங்கப் போனவளும் நான்தான்.

காத்தான்குடியில் ஸியாம் என்கிற பொடியனின் நகைக் கடை. நல்ல பொடியன். என் கால் விரலைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மிஞ்சி இப்பிடிக் கறுத்துப் போய்க் கிடக்கு?" என்று கேட்டான்.

"ஆத்துத் தண்ணி தம்பி. எங்கட ஊரில வெள்ளி வெள்ளையாக் கிடக்கிறது உங்கட கண்ணாடிப் பெட்டிக்குள்ள மட்டுந்தான்" என்றேன். எனக்கு எங்கே போனாலும் வாய்.

அவன் சிரித்து, இரண்டு தட்டை எடுத்து வைத்தான். "இது சாதாரண வெள்ளி. இது மேல பூச்சுப் போட்டது. உப்பு, வேர்வை, என்ன பட்டாலும் கறுக்காது. என்னத்துக்கு எண்டு சொன்னா நானே எடுத்துத் தாறன்."

"மச்சானுக்கு அறுணாக்கொடி. நல்லதா, கறுக்காததாவே தாங்க."

இந்த வாயால் அப்படித்தான் சொன்னேன். பன்னிரண்டு வருசம் அந்த மனிதர் கறுப்பைப் பார்த்து ஊரைக் காப்பாற்றினார், நான் கறுக்காத கொடியைக் கேட்டு வாங்கினேன். எனக்கு அது தண்ணீருக்குப் போகிற சாமானாகத் தோன்றவே இல்லை. அவர் இடுப்புக்கு அழகாக இருக்கும் என்று மட்டும்தான் நினைத்தேன். பெட்டிக்குள் ஓர் அட்டையையும் வைத்துத் தந்தான். நான் வாசிக்கவில்லை.

சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி. வேப்பம் பத்திரத்தால் தண்ணீர் தெளித்து அம்மனைக் குளிர வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினால், அடுத்த வைகாசிக்குத்தான் திறப்பார்கள். கதவு சாத்த முன்னம் மச்சானைக் கோயில் வாசலில் நிறுத்திக் கொடியைக் கொடுத்தோம். மனிதர் வெட்கப்பட்டுப் போனார். எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. புதுக் கொடியைக் கட்டின பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும், அவிழ்த்ததைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. நூல் என்றால் ஆற்றில் விடுவோம், வெள்ளி என்றால் அம்மனுக்கு. மச்சான் பழையதைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார்.

"இது வேலைக்கார வெள்ளி, புஸ்பம். இருந்திட்டுப் போகட்டுமே."

"அம்மாளுக்குக் குடுக்கிறதைக் கையில வெச்சுக்கொண்டு யோசிக்கிறதா? அபசகுனம்! போடுங்க மச்சான்" என்று அதட்டினேன்.

அவர் போட்டார். பூசை செய்கிற கட்டாடியார் அதை உள்ளே எடுத்துக்கொண்டு போனார். கதவு சாத்தினார்கள். அது ஞாயிற்றுக்கிழமை.

திங்கட்கிழமை காலை கச்சான் காற்று நல்லாய் அடித்துக்கொண்டிருந்தது. மச்சான் புதுக் கொடியை இறக்கினார். இரண்டு பாகத்தில் வெள்ளை. மூன்றில் வெள்ளை. நான்கில் வெள்ளை. கிடங்கின் அடிச் சேறு வரை இறக்கி எடுத்தார். அப்போதும் வெள்ளை. கரையில் நின்ற நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டோம். "அம்மாள் ஆத்தையும் குளிர வெச்சிட்டா!" என்று சுலோஜனா அழுதாள். அக்கா கற்பூரம் கொளுத்தினாள். "கொடி வாங்கின கை என்ன கை!" என்று நான் கையை ஆட்டிக் காட்டினேன். வெட்கம் கெட்டவள்.

மச்சான் மட்டும் சிரிக்கவில்லை. கயிற்று நுனியை மூக்கில் வைத்து மணந்தார்.

"நாத்தம் இருக்கு. கறுப்பு இல்ல. அது எப்பிடி?"

செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அவர் சுலோஜனாவிடம் வந்து, "எதுக்கும் கூட்ட இழுத்து வெப்பம். என்ட மனம் சொல்லுதில்ல" என்றார்.

அப்போது நான் குதித்தேனே ஒரு குதி! "மனமோ? பன்னிரண்டு வருசமா வெள்ளி பொய் சொல்லா எண்டு சொன்னது ஆரு? இந்தக் காத்தில இழுத்தா வலை கிழியும், மீன் உரஞ்சிப் புண்ணாகும். லொறி வர மூணு நாள் கிடக்கு. உங்கட பயத்துக்கு எங்கட மீனையா பலி குடுக்கிற?" இடப்பக்கம் நின்றுதான் கத்தினேன். ஒரு சொல்லும் தப்பாமல் கேட்டார்.

"வெள்ளி பொய் சொல்லாதான்" என்றார். போய்விட்டார்.

புதன்கிழமை காலை பத்து மணி இருக்கும். விதுர்ஷாவின் பிறப்புப் பத்திரம் தேடி அலுமாரியைக் கிளறினேன். கொடி வந்த பெட்டி கையில் தட்டுப்பட்டது. அட்டை விழுந்தது. 'கறுக்காது. ஒரு வருட உத்தரவாதம்' என்று அதில் அச்சடித்திருந்தது.

நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். அந்தக் கொடியை அமிலத்துக்குள் போட்டாலும் வெள்ளையாகத்தான் வரும். மூன்று நாளாகக் கீழ்த் தண்ணீர் எங்கே நிற்கிறதென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

உடனே ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. ஏன் என்று சொல்கிறேன், சொல்லத்தானே உட்கார்ந்தேன். வெட்கம். அவ்வளவு பேருக்கு முன்னால் கையை ஆட்டிக் காட்டினேனே, மச்சானை அப்படிக் கத்தினேனே, இப்போது போய் என்ன முகத்தோடு சொல்வது? காற்று அடித்துக்கொண்டுதானே இருக்கிறது என்று நினைத்தேன். பின்னேரம் மீனுக்கு இரை போடப் போகும்போது மச்சானைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். சோறு சமைத்தேன். அட்டையைப் பிஸ்கட் டின்னுக்கு அடியில் ஒளித்து வைத்தேன்.

இரண்டு மணிக்குக் காற்று நின்றது.

குறைந்து குறைந்து நிற்கவில்லை, ஒரேயடியாக நின்றது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. வளவில் காய்ந்த சீலை கொடியில் அப்படியே தொங்கியது. நான் வாசலுக்கு வந்தபோது ஆற்றுப் பக்கத்திலிருந்து பிள்ளைகளின் சந்தோசச் சத்தம் கேட்டது. விதுர்ஷா சட்டை நிறைய நண்டோடு ஓடி வந்தாள்.

"அம்மா, நண்டெல்லாம் தானா வருகுது! பிடிக்கவே தேவையில்ல!"

போய்ப் பார்த்தேன். நண்டுகள் வரிசை வரிசையாகக் கரையேறிக்கொண்டிருந்தன. கண்டல் வேரில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டு நின்றன. இறால் தண்ணீர் விளிம்பில் துள்ளி மணலில் விழுந்தது. கெளிறு மீன்கள் வாயை மேலே நீட்டிக்கொண்டு கிடந்தன. பிள்ளைகள் சட்டி கொண்டுவர ஓடினார்கள். கிடங்குக்கு மேலே தண்ணீர் அரிசி களைந்த தண்ணீராக வெளுத்து, அந்த வெளுப்பு எங்களை நோக்கி அகன்று வந்துகொண்டிருந்தது. மணம் பிறகு வந்தது. நான் "மச்சான்!" என்று கத்திய கத்தில் என் தொண்டையே பிளந்தது.

அவர் எனக்கு முன்பே தண்ணீரில் நின்றார். தோணியில் பாய்ந்து கூட்டடிக்குப் போய், கத்தியை வாயில் கடித்துக்கொண்டு இறங்கினார். வலையை வெட்டி மீனைத் திறந்துவிடப் பார்த்தார். முதல் கூட்டிலும் இரண்டாம் கூட்டிலும் கொஞ்சம் தப்பிப் போயிருக்கும். மூன்றாவதை வெட்டும்போதே மற்ற நான்கிலும் வெள்ளை வயிறு மிதந்துவிட்டது. என் கையளவு, முழங்கையளவு கொடுவாக்கள். ஒன்றரை வருசம் பெயர் வைக்காத குறையாக வளர்த்த மீன்கள். அவர் திரும்பத் திரும்ப மூழ்கினார். அக்கா கரையில் நின்று, "காணும், வாங்க! மீன் போனாப் போகட்டும், வாங்க!" என்று நெஞ்சில் அடித்துக் கதறினாள். நாங்கள் எல்லாரும் இடுப்பளவு தண்ணீருக்குள் கிடங்கு விளிம்பு வரை போய் அவரைப் பிடித்து இழுத்து வந்தோம்.

அவரை மணலில் இருத்தினோம். இருமினார், இருமினார், கண் திறக்க முடியவில்லை. ஊர் கூடிவிட்டது. சுலோஜனா ஒரு செத்த மீனைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்கு முன்னால் போட்டாள்.

"வெள்ளை எண்டீங்களே மச்சான்! அடி மட்டும் வெள்ளை எண்டீங்களே!"

அவர் மெல்லக் கண்ணைத் திறந்து குனிந்து இடுப்பைப் பார்த்தார். கொடி பளபளவென்று வெள்ளையாகக் கிடந்தது. பிறகு அவர் கண் மணலோடு நகர்ந்து என் காலில் வந்து நின்றது. சடங்குக்கென்று சாம்பல் போட்டு நான் வெளுப்பாக்கி வைத்த மிஞ்சி. அதே தண்ணீரில், அவரைவிடக் குறைந்த நேரம் நின்ற மிஞ்சி. அது கரியாகக் கறுத்திருந்தது.

அவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். எல்லாம் விளங்கிவிட்டது அவருக்கு. இப்போது சொல்லப் போகிறார் என்று நின்றேன். சொன்னால் நல்லது என்றுகூட இருந்தது.

"வெள்ளியில பிழை இல்ல" என்றார் சுலோஜனாவிடம். "கறுத்துத்தான் வந்திருக்கும். என்ட கண் இப்ப வடிவாத் தெரியுதில்ல. நான்தான் பாக்காம விட்டிட்டன்."

கூட்டம் இரைந்தது. யாரோ தூஷணத்தில் ஏசினார்கள். அந்த இரைச்சலுக்குள் எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி மெல்லச் சொன்னார்: "காலை மணலுக்குள்ள வெய் புள்ள. கண்ணுக்குத் தெரியுது."

நான் வைத்தேன். சொல்லவும் இல்லை, அழவும் இல்லை, காலை மணலுக்குள் புதைத்துக்கொண்டு நின்றேன். அந்த ஒரு நிமிசத்துக்காக என்னை நானே எத்தனை தரம் செருப்பால் அடித்திருப்பேன் என்று கணக்கில்லை.

மூன்று மாதத்தில் நான் பெட்டி கட்டினேன். விதுர்ஷா அக்கா வீட்டில் இருக்கிறாள். பள்ளிக்கூடம் போகிற வழியில் பொடியன்கள் அவளைப் பார்த்து, "உங்கட பெரியப்பாக்குக் கண்ணாடி வாங்கிக் குடு" என்கிறார்களாம். பெரியப்பா ஒன்றும் பேசுவதில்லை. வெள்ளி பார்க்கப் போவதும் இல்லை. யாரும் கேட்பதும் இல்லை.

இந்த வைகாசியில் அம்மன் கோயில் கதவு திறந்தார்கள். முந்தநாள் அக்காவின் போனிலிருந்து ஒரு வொய்ஸ் வந்தது. மச்சான் குரல்.

"புஸ்பம், கட்டாடியாரிட்டக் கேட்டுப் பழைய கொடிய எடுத்தன். நேத்து விட்டுப் பாத்தன். ஒண்டரைப் பாகத்திலயே கறுக்குது. இவ்வளவு மேல நான் ஒருநாளும் கண்டதில்ல. கச்சான் அடிக்கக்குள்ளயே இப்பிடி எண்டா, விடுற அண்டைக்கு என்ன நடக்கும்? சுலோஜனாவும் ஆக்களும் திரும்பக் கூடு வெச்சிருக்காங்க. சொன்னன், சிரிக்காள். அது கிடக்கட்டும். நீ சாப்பிட்டியா?"

அவ்வளவுதான். 'நீ உண்மையைச் சொல்லு' என்று ஒரு சொல் இல்லை.

நேற்றே சுலோஜனாவுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நம்பவில்லை. "மச்சானக் காப்பாத்த நல்லாத்தான் கதை கட்டுறாய்" என்று வைத்துவிட்டாள். ஒரு வருசம் வாயை மூடிக்கொண்டிருந்தவளை யார் நம்புவார்கள்? அவளிலும் பிழையில்லை. அதனால்தான் ஒன்றையும் விடாமல் எழுதி ஊரிலுள்ள எல்லாருக்கும் அனுப்புகிறேன். என்னை என்ன பெயர் சொல்லியும் ஏசுங்கள்.

சுலோ, நீ என்னை நம்ப வேண்டாம். என் வீட்டுப் பூட்டைத் திறக்கிற திறப்பு அக்காவிடம் இருக்கிறது. அலுமாரியில் பிஸ்கட் டின்னுக்கு அடியில் அட்டை இருக்கிறது, எடுத்து வாசி. மச்சான் இடுப்பில் நான் வாங்கின கொடி இன்னும் கிடக்கிறது. ஒரு கூழ்முட்டையை உடைத்து, அந்தக் கொடியையும் உன் காலிலுள்ள மிஞ்சியையும் ஒன்றாக அதற்குள் போட்டு, ஒரு மணித்தியாலம் விட்டு எடுத்துப் பார். எது கறுக்கிறது, எது கறுக்கவில்லை என்று உன் கண்ணாலேயே பார்.

பார்க்க நேரம் இல்லாவிட்டால் விடு, அதைப் பிறகு பார்க்கலாம். அந்த மனிதர் கறுப்பு என்றால் கறுப்புத்தான். இன்றைக்குக் காலையும் விதுர்ஷா போனில் சொன்னாள், அங்கே காற்று குறைந்துகொண்டு வருகிறதாம். கூட்டை இழு.